பக்கத்தில் நிற்பவர் சொன்னால் பாரம் நகராது

தலைமை நாற்காலியில் அமர்ந்து, நான் எழுந்த கணத்திலிருந்தே கைக்கடிகாரத்தைக் கண்ணிமைக்காமல் காத்துவரும் தலைவர் அவர்களே! அவருக்கு வலமும் இடமும் அமர்ந்து மேடைக்கு அழகும் எடையும் சேர்க்கும் பெரியோர்களே! எனக்கு முன்னால் பேசி, என் நேரத்தையும் சேர்த்தே பேசிமுடித்த பேச்சாளப் பெருமக்களே! காலை ஷிப்ட் முடித்து, கையில் ஒட்டிய கிரீஸைக்கூடக் கழுவாமல் வந்து அமர்ந்திருக்கும் யார்டுத் தோழர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடே வந்திருக்கும் தாய்மார்களே! நழுவ வசதியாக வாசலை ஒட்டி இடம்பிடித்திருக்கும் தொலைநோக்குச் சிந்தனையாளர்களே! உங்கள் அனைவரையும் பணிந்து தொடங்குகிறேன்.

என்னை அறிமுகம் செய்த நண்பர், "இந்த யார்டின் முன்னாள் ஆங்கில ஆசிரியர்" என்றார். அந்த 'முன்னாள்' என்ற பட்டத்தை எனக்குச் சூட்டியவர் யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன? அவர் இந்த மேடையிலேயே இருக்கிறார். சிரிக்காதீர்கள், அவர் பார்க்கிறார்!

எனக்கு இடப்பட்ட தலைப்பு, ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் இணங்கும் விதிகள். அடடா, தலைப்பைச் சொன்னதும் முன்வரிசையில் ஒரு கொட்டாவி! விடுங்கள் ஐயா, தாராளமாக விடுங்கள். கொட்டாவிகளுக்கு நடுவில்தான் என் வாழ்நாள் முழுவதும் பாடம் நடந்திருக்கிறது. ஆனால் உங்களை ஒன்று கேட்கிறேன். ஒருவன் வந்தால் ஆங்கிலத்தில் 'ஹீ கம்ஸ்'. பலர் வந்தால் 'தே கம்'. பலர் வரும்போது பெரிதாக வேண்டிய வினை, ஏன் சிறிதாகிறது? பெயர் பன்மைக்குப் போய் ஓர் எஸ்ஸை எடுத்து மாட்டிக்கொண்டால், வினை தன் எஸ்ஸைக் கழற்றி வைத்துவிடுகிறது. அண்ணனும் தம்பியும் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போடுகிற வீடு மாதிரி இல்லை?

இன்னும் கேளுங்கள். நான் வந்தால் எஸ் இல்லை. நீங்கள் வந்தால் எஸ் இல்லை. நாம் இருவரும் நேருக்கு நேர் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம்; நமக்கு ஒன்றும் இல்லை. இங்கே இல்லாத ஒற்றை ஆள் ஒருவன், எங்கோ இருப்பவன், அவனுக்கு மட்டும் ஏன் அந்த அலங்காரம்? இதைக் கல்லூரியில் என் பேராசிரியரிடம் கேட்டேன். "தேர்வுக்கு வராது, உட்கார்" என்றார். உட்கார்ந்தேன். கேள்வி மட்டும் இன்றுவரை உட்காரவில்லை.

நம் மொழியை எண்ணிப் பாருங்கள். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள். ஒரே ஒரு வினைச்சொல்லைக் காதில் போட்டால் போதும்; வந்தது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, மரியாதைக்குரியவரா மாமன் மச்சானா, எல்லாம் தெரிந்துவிடும். இத்தனை வாலையும் பிழையில்லாமல் பிடித்துக்கொண்டு ஓடுகிற நாம், ஆங்கிலத்தின் ஒரே ஓர் எஸ்ஸில் ஏன் தடுக்கி விழுகிறோம்?

நானே ஒரு விடை கண்டேன். நாம் ஆட்களை எண்ணுகிறோம், பொருட்களை எண்ணுவதில்லை. லாரியிலிருந்து ஒரு குழாய் உருண்டால் என்ன சொல்கிறோம்? "குழாய் விழுந்துச்சு." ஊர்ப்பட்ட குழாய்கள் உருண்டால்? "குழாயெல்லாம் விழுந்துச்சு!" 'விழுந்தன' என்று யாராவது கத்துகிறோமா? கத்தி முடிப்பதற்குள் காலில் விழுந்துவிடும். எழுத்தில் இருக்கிற பன்மை நம் வாயில் இல்லை. அந்த வாயோடுதான் ஆங்கிலத்துக்குப் போகிறோம். இது என் விடை. சரியா தவறா என்று சொல்ல இதுவரை எவரும் முன்வரவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு!

சரி, கதைக்கு வருகிறேன். நீங்கள் கதைக்குத்தான் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

குழாய்களைக் கிரேனால் ஏற்றி இறக்கும் இந்த யார்டில், பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆணை வந்தது. ஆங்கிலத் தேர்வில் தேறாதவர் கிரேன் ஏறக்கூடாது, கீழே நின்று சைகையும் காட்டக்கூடாது. எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில், இயந்திரத்தின் குறிப்பேடு ஆங்கிலத்தில்; ஆணை தவறென்று நான் சொல்லமாட்டேன். பாடம் நடத்த என்னைக் கூப்பிட்டார்கள். கல்லூரியில் எனக்கு வரவேண்டிய இடம் முதல்வரின் மைத்துனருக்குப் போயிருந்த காலம் அது. மைத்துனர் நலமாக இருக்கிறார் என்று கேள்வி. இருக்கட்டும். உடை மாற்றும் அறைக்குப் பின்னால், ஹெல்மெட்டுகள் தொங்கும் ஒரு கிடங்கு எனக்கு வகுப்பறை. பழைய இரும்புக் கதவு ஒன்று கரும்பலகை. இரும்பில் குறி போடும் சாக்கட்டிதான் எழுதுகோல். எழுதினால் எளிதில் அழியாது. என் பிழைப்புக்குப் பொருத்தமான சாக்கட்டி!

வகுப்பின் முதல் வரிசையில் ஒரு பெண்மணி. யார்டு முழுவதும் அவரை 'மேலக்கா' என்றே அழைக்கும். கிரேனின் உச்சிக் கேபினில் அமர்ந்து பாரம் தூக்குபவர். அவருக்குப் பக்கத்தில் அவர் கணவர். தரையில் நின்று, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று மனைவிக்குக் கைச்சைகை காட்டுவது அவர் வேலை. எனவே அவர் பெயர் 'கைகாட்டி'. இருவரும் இதோ மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார்கள். எழுந்திருக்க வேண்டாம், அப்புறம் வேலை இருக்கிறது.

ஒரு வாக்கியம் எழுதினேன். 'தி பண்டில் ஆஃப் பைப்ஸ்', அடுத்து ஒரு கோடு, 'ஹெவி.' குழாய்க் கட்டு கனமானது. கோடிட்ட இடத்தில் 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா? வகுப்பே ஒரே குரலில் "ஆர்!" என்றது. ஹெல்மெட்டுகள் அதிர்ந்தன.

"ஏன்?" என்று கேட்டேன்.

"பைப்புதான சார் கனம்? கட்டுல என்ன கனம் இருக்கு, வெறும் கம்பிதான!" என்றார் கைகாட்டி.

எவ்வளவு நியாயம் பாருங்கள்! ஆங்கிலேயனைக் கேட்டாலும் அவனும் ஒரு நொடி தடுமாறுவான். எனக்கோ கோபம். "பக்கத்துல நிக்கிற பைப்ஸைப் பார்க்காதீங்கய்யா! வினைக்கு உத்தரவு போடுறது தள்ளி நிக்கிற பண்டில். நடுவுல யார் நின்னாலும் சரி, அவங்க பேச்சு எடுபடாது!"

மேலக்கா நிமிர்ந்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார்?"

"எதை?"

"கைகாட்டி யாருன்னு! கீழ சூப்பர்வைசர் கத்துவாரு, லாரிக்காரர் கத்துவாரு, கொக்கிக்குப் பக்கத்துல நின்னு போறவன் வர்றவன் எல்லாம் கத்துவான். நான் எவனையும் பார்க்க மாட்டேன். எவ்வளவு தள்ளி நின்னாலும் இந்த மனுசன் கையை மட்டும்தான் பார்ப்பேன். இவரு அசைச்சாத்தான் நான் அசைப்பேன்."

"வீட்டுல அசையறதே இல்ல சார்," என்றார் கைகாட்டி.

"வீட்டுல உனக்கு டியூட்டி இல்லய்யா!"

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் இலக்கணப் பெயர்கள் மாறின. எழுவாய் கைகாட்டி ஆயிற்று. வினை கிரேன் ஆயிற்று. இடையில் நிற்கும் சொற்களுக்கு 'வேடிக்கை பார்க்கிறவங்க' என்று பெயர். பெரிய பெரிய புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். இதைவிடத் தெளிவான பெயர் கிடைக்கவில்லை. 'எவ்ரிஒன்' என்றால் எல்லோரும், ஆனால் வினை ஒருமை. ஏன் என்று கேட்டால், "ஆளுக்கு ஆளு தனித்தனியா எண்ணிப் பார்க்கிறாங்க சார்" என்றார்கள். 'கமிட்டி' என்றால் ஒருமையா பன்மையா? "சண்டை போடாத வரைக்கும் ஒருமை!" தலைவர் அவர்களே, உங்கள் கமிட்டியைப் பற்றிச் சொல்லவில்லை.

ஒரே ஒரு விதியில் மட்டும் மேலக்கா என்னோடு மல்லுக்கு நின்றார். 'இவரோ அவரோ' என்று பொருள்படும் 'ஐதர்', 'ஆர்' போட்டு இரண்டு பேரை இணைத்தால், வினை அருகில் இருப்பவருக்கே இணங்கும் என்றேன். "இத்தனை நாளா பக்கத்துல நிக்கிறவன் பேச்சைக் கேக்காதேன்னீங்க, இப்ப கேளுங்கறீங்களா? முடியாது சார், ஆள் செத்துருவான்!" என்றார். அந்த விதியை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

அந்த வாக்குவாதத்தின் முடிவில் இன்னொன்றும் சொன்னார். "ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் விலக்கு உண்டு சார். நிறுத்துன்னு யார் சொன்னாலும் நிக்கணும். கூட்டிப் பெருக்கிறவங்க சொன்னாலும், வழி தெரியாம வந்தவன் சொன்னாலும் நிக்கணும். ஆனா நின்னது மறுபடி கிளம்பணும்னா என் கைகாட்டிதான் சொல்லணும். இலக்கணத்துல இதுக்கு விதி இருக்கா?"

இல்லை என்றேன். இலக்கணத்தில் இடமில்லாத அந்த விதி, தேர்வு நாளன்று நேராக வந்து வாசலில் நின்றது.

தேர்வு வாய்மொழியாக. மாடியில் அலுவலக அறை, கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருபுறம். அவருக்கு அருகில் அன்றைய பயிற்சி அதிகாரி. அந்தப் பயிற்சி அதிகாரி இன்று எங்கே என்று கேட்கிறீர்களா? உங்களுக்கு எதிரே, தலைமை நாற்காலியில்! தண்ணீர் குடியுங்கள் ஐயா, கதை இன்னும் இருக்கிறது.

மேலக்கா உள்ளே போனார். தேர்வாளர் காட்டிய வாக்கியத்தை வாசிக்கத் தொடங்கினார். 'தி ரோப் ஆன் தி ஹுக்ஸ்...' கொக்கிகளில் இருக்கும் கயிறு. அடுத்து வினை வரவேண்டும். அந்த நேரத்தில், நடைவழியில் வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஒருவர், ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்த தன் கூட்டாளியைப் பார்த்து, "நிறுத்து! நிறுத்து!" என்று அலறினார்.

மேலக்கா நின்றுவிட்டார். வாய் நின்றது, மேசைமேல் இருந்த கைகள் மடிக்கு வந்தன.

"சொல்லுங்கம்மா," என்றார் தேர்வாளர்.

"தெரியலையா?"

"தெரியும் சார்."

"அப்ப சொல்லுங்க."

"வர மாட்டேங்குது சார்."

யோசித்துப் பாருங்கள் பெரியோர்களே! பாரம் தொங்கும்போது நின்று நின்று பழகிய உடம்பு. அது தேர்வறை என்று உடம்புக்கு யார் சொல்வது? தேர்வாளர் மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்தார். வெளியே தன் முறைக்காகக் காத்திருந்த கைகாட்டி கண்ணாடி வழியே பார்த்தார். மனைவி நிற்கிறார். ஏன் நிற்கிறார் என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். திரும்பி ஏணியைப் பார்த்தார். அது ஓரமாகிவிட்டது, ஆபத்தில்லை. வலக்கையை உயர்த்திக் காற்றில் மெல்ல ஒரு வட்டம் போட்டார். ஏற்று என்று பொருள்.

"இஸ் ஸ்ட்ராங்," என்றார் மேலக்கா.

பயிற்சி அதிகாரி நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "பார்த்தீங்களா! கண்ணாடி வழியா பதில் சொல்றான்! என் கண்ணால பார்த்தேன்!"

"ஐயா, நான் பதில் சொல்லலீங்க," என்றார் கைகாட்டி. "ஏணி போயிடுச்சு, பயமில்ல, தூக்குன்னு சொன்னேன்."

"எதைத் தூக்க?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? உள்ள அவ என்ன பாரத்தைத் தூக்கிட்டு இருந்தாளோ!"

சிரிக்கிறீர்கள். அன்று எவரும் சிரிக்கவில்லை. இருவரும் தகுதியிழந்தார்கள் என்று அங்கேயே எழுதப்பட்டது. மேலக்கா மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். என்னிடம் அழவில்லை, புலம்பவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார். "அங்க மேல எனக்குன்னு ஒரு நாற்காலி இருந்துச்சு சார். வீட்டுல யார் வந்தாலும் முதல்ல எழுந்துக்கிறது நான்தான். மாமியாரு வந்தா எழுந்துக்கணும், நாத்தனாரு வந்தா எழுந்துக்கணும். அங்க மட்டும் யாருக்கும் எழுந்துக்க வேணாம். அவ்ளோ உசரம் எவனும் ஏறி வர மாட்டான்."

தாய்மார்களே, உங்களுக்குப் புரிகிறது.

நான் தேர்வறைக்குப் போனேன். "பாடம் எடுக்கிறவர் உள்ள வரக்கூடாது," என்றார் அதிகாரி. வாசற்படியில் நின்றேன். படியிலிருந்தே கத்தினேன், நடந்ததைச் சொன்னேன். அதிகாரி தலையைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அந்தத் தேர்வாளர், வாழ்நாளெல்லாம் வாக்கியங்களோடு வாழ்ந்த அந்த மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "யார் நிறுத்துன்னாலும் நிப்பாங்களா? யார் போன்னாலும் போக மாட்டாங்களா? எங்க, காட்டுங்க பார்ப்போம்!"

என் அனுபவத்தில், படித்தவர் ஒருவர் தண்டிப்பதற்கு முன்னால் ஏன் என்று கேட்டது அன்றுதான்.

யார்டுக்கு வந்தோம். மேலக்கா ஏணி ஏறினார். கைகாட்டி தன் இடத்தில் நின்றார். குழாய்க் கட்டு ஒன்று மெல்ல மேலே எழுந்தது. "நிறுத்து!" என்றார் தேர்வாளர், தயங்கித் தயங்கி, ஒல்லியான குரலில், கையையும் நீட்டி. கிரேன் நின்றது. அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "சரி, போகலாம்!" என்றார். அசையவில்லை. இரண்டு கைகளையும் ஆட்டினார். அசையவில்லை. பயிற்சி அதிகாரி முன்னால் வந்தார். "நான் அதிகாரி சொல்றேன், ஏத்து!" அசையவில்லை. நான் விடுவேனா? எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் அல்லவா? "மேலக்கா, நான்தான் சொல்றேன்!" என்று கூவினேன். எனக்கும் அசையவில்லை! அந்தரத்தில் பாரம் தொங்குகிறது. கீழே படித்தவர்கள் நாங்கள் எல்லோரும் தொண்டை கிழியக் கத்துகிறோம். மேலே அந்த அம்மா...

என்ன இது? மணியா? தலைவர் மணியை அடித்துவிட்டார்! பாரம் அந்தரத்தில் தொங்கும்போதா ஐயா?

சரி. நிறுத்து என்று யார் சொன்னாலும் நிற்கவேண்டும். நின்றுவிட்டேன்.

"பேசுங்க சார்!" என்கிறது பின்வரிசை. நன்றி, தோழர்களே. ஆனால் நீங்கள் வேடிக்கை பார்க்கிறவர்கள். மேடையில் பெரியவர் ஒருவர், "சுருக்கமா முடிங்க" என்கிறார். ஐயா, நீங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவர், அவ்வளவுதான். மூன்றாம் வரிசையில் கைகாட்டி கையைத் தூக்குகிறார். கீழே போடுங்கள் அப்பா, நீங்கள் உங்கள் மனைவியின் கைகாட்டி, என்னுடையவர் அல்ல. நான் யாருக்காகப் பேச வந்தேனோ, அவர் சொல்லட்டும்.

அதோ! மேலக்கா எழுந்து நிற்கிறார். ஆயுள் முழுவதும் சைகை வாங்கியே பழகியவர், கையை உயர்த்துகிறார். காற்றில் ஒரு வட்டம் போடுகிறார். பார்த்தீர்களா? பாருங்கள் தலைவர் அவர்களே, நன்றாகப் பாருங்கள். இதற்குப் பதில் சொல்லித்தருவது என்று பெயரில்லை!

தொடர்கிறேன். கைகாட்டி வட்டம் போட்டார், பாரம் நகர்ந்தது. தேர்வாளர் சிறு பிள்ளைபோலக் கைதட்டிச் சிரித்தார். பாரத்தைப் பத்திரமாகத் தரையில் இறக்கச் சொன்னார். கைகாட்டியை மதிலைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். வாக்கிடாக்கியைக் கையில் வாங்கி, யார்டின் இரைச்சலுக்கு நடுவிலேயே மேலக்காவுக்குத் தேர்வை மறுபடி நடத்தினார். வானத்திலிருந்து விடைகள் வந்தன. இஸ். ஆர். ஹேஸ். ஹேவ். அந்த 'ஐதர்', 'ஆர்' விதியில் மட்டும் தவறு. அதையும் வாக்கிடாக்கியிலேயே வாதாடினார். தேறினார். கைகாட்டியும் மதிலைப் பார்த்தபடியே தேறினார்.

தேறாதவன் நான் ஒருவன்தான். வகுப்பு கேளிக்கை ஆகிவிட்டது என்று மூடப்பட்டது. என் சேவைகள் இனித் தேவையில்லை என்று, அதே பயிற்சி அதிகாரி எழுதிக் கையெழுத்திட்டு, ஆங்கிலத்தில் ஓர் ஆணை வந்தது. 'யுவர் சர்வீசஸ் இஸ் நோ லாங்கர் ரிக்வயர்ட்.' சர்வீசஸ், இஸ்! வேலை போனது வலித்தது, ஆறிவிட்டது. அந்த 'இஸ்' இன்னும் ஆறவில்லை. ஆனாலும் இத்தனை காலம் யோசித்ததில் ஒன்று புரிந்தது. குழாயெல்லாம் விழுந்துச்சு, சேவையெல்லாம் முடிஞ்சுது. தலைவர் நம்மைப்போலத்தான் பேசியிருக்கிறார்! அந்தப் பிழையை மன்னித்தேன். கவனியுங்கள், பிழையை மட்டும்.

அன்று மூடிய வகுப்புக்கு இன்று திறப்பு விழா. ஏன் மறுபடி திறக்கிறது? புதிதாக வந்தவர்களுக்குக் கிரேன் பழக்குபவர் மேலக்கா. ஆங்கிலம் தேறாமல் அவர்களும் ஏற முடியாது. அவர் போய்த் தலைவரின் அறையில் நின்றிருக்கிறார். "அந்தச் சார் வரணும். அதுவரைக்கும் பழக்குறதை நிறுத்துறேன்" என்றிருக்கிறார். நிறுத்து என்று யார் சொன்னாலும் நிற்கும் அல்லவா? யார்டே நின்றது. தலைவர் அசைந்தார்.

என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். 'தி டோர்ஸ் ஆஃப் லேர்னிங் இஸ் ஓப்பன்.' கல்வியின் கதவுகள் திறந்திருக்கின்றன. எழுதியவர் யார் என்று கேட்கமாட்டேன். கைகாட்டி யார், தோழர்களே?

"டோர்ஸ்!"

லேர்னிங் யார்?

"வேடிக்கை பார்க்கிறவங்க!"

அப்படியானால்?

"ஆர்!"

கூரை பறந்துவிடப் போகிறது! வகுப்பு தொடங்கிவிட்டது, தலைவர் அவர்களே.

நண்பர்களே, ஒரு வினை ஏன் பிழையாகிறது? தன் எழுவாயைத் தொலைவில் விட்டுவிட்டு, அருகில் நிற்பவருக்குத் தலையாட்டுவதால் பிழையாகிறது. வாக்கியத்துக்கு மட்டுமா இது? நாம் செய்யும் வேலை எவருக்காக? நாம் எடுத்த பாரம் எவர் சொல்லி எடுத்தது? மேலாளர் பக்கத்தில் நிற்கிறார். பதவி பக்கத்தில் நிற்கிறது. பழைய பகையும் பக்கத்தில்தான் நிற்கிறது. அது மற்றவர்களைவிட உரக்கக் கத்துகிறது, எனக்குத் தெரியும். கத்தட்டும்! இரைச்சலுக்கு அப்பால், தூசிக்கு அப்பால், உங்களை நம்பிக் கையை உயர்த்தி ஒருவர் நிற்கிறார். அவரைத் தேடுங்கள்! அவரைப் பாருங்கள்! அவர் கை அசைந்தால் அசையுங்கள்! மற்றவர் எவர் கூவினாலும் பாரம் நகரக்கூடாது!

அந்த ஒற்றை ஆளுக்கு எதற்கு அலங்காரம் என்று தொடக்கத்தில் கேட்டேன். இன்னும் விடை தெரியாது. நாளை மாலை, அதே கிடங்கில், அதே இரும்புக் கதவில் அந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுதப்போகிறேன். தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்.

இடம் தந்த யார்டுக்கும், பொறுமை காத்த தாய்மார்களுக்கும், கொட்டாவியைப் பாதியில் நிறுத்திய முன்வரிசைப் பெரியவருக்கும், மணியடித்தும் மேடையை விட்டு இறக்காத தலைவருக்கும் என் நன்றி. இன்னும் பேசுவேன். ஆனால் மேலக்கா மறுபடி எழுந்துவிட்டார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து சேர்க்கிறார். கிரேன் வேலையில் அதற்குப் பொருள், பாரம் பத்திரமாக இறங்கிவிட்டது, வேலை முடிந்தது.

உத்தரவு, அக்கா. இதோ நானும் சேர்த்துவிட்டேன்.

வணக்கம்.